நம்பிக்கைக்கும் ஒரு டிசைன் வேணும்

ப்ளேஸ்மென்ட் சீசன் வந்துவிட்டால் நம்ம பேட்ச்சோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். ஃபார்மல்ஸ் போட்ட போட்டோ, கையில் ஆஃபர் லெட்டர், கீழே "அம்மா அப்பாவுக்கு நன்றி". பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அதே நாளில், எந்த ஸ்டேட்டஸும் போடாமல், மத்தவங்க போட்டதுக்கெல்லாம் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு மெஸ்ஸுக்குப் போகிற ஒரு குரூப்பும் இருக்கு. இந்தக் கட்டுரை முக்கியமாக அவங்களுக்கு. ஆஃபர் வாங்கினவங்களும் படிங்க, பாதியில் உங்களுக்கும் ஒரு விஷயம் வருது.

செவன்த் செமஸ்டர் தொடங்கியதும் ஆடிட்டோரியத்தில் ஒரு மோட்டிவேஷன் செஷன் கட்டாயம் இருக்கும். மைக் பிடித்தவர் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: "நம்பிக்கையோட இருங்க, எல்லாம் நல்லதே நடக்கும்." நம்பிக்கை வைக்கச் சொல்கிறவர்கள், அதை எதன் மேல் வைக்கணும் என்று மட்டும் சொல்வதில்லை. அதனால் நாமே ஒரு கம்பெனி மேலயும் ஒரு தேதி மேலயும் வைத்து விடுகிறோம். "அந்தக் கம்பெனி வருது மச்சி, அதுல ஆயிடும்." "டிசம்பருக்குள்ள கிடைச்சிடும்." அந்தக் கம்பெனி வந்துவிட்டுப் போகிறது. டிசம்பரும் போகிறது. கூடவே நம்பிக்கையும் போகிறது.

என் கருத்து இதுதான்: எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது வெறும் ஆசை. ஏதாவது தப்பாகப் போனாலும் நாம் நிற்கிற மாதிரி ஏற்பாடு செய்துகொள்வதுதான் நம்பிக்கை. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

நிலாவில் கத்துக்கிட்ட பாடம்

2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் நிலாவில் மெதுவாக இறங்க முடியாமல் மோதியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. இடையில் என்ன மாறியது? அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் அதை விளக்கியிருக்கிறார். முதல் லேண்டர், வெற்றியை அடிப்படையாக வைத்து டிசைன் செய்யப்பட்டது. அடுத்தது, தோல்வியை அடிப்படையாக வைத்து டிசைன் செய்யப்பட்டது. அதாவது, எதெது கெட்டுப் போகலாம், கெட்டுப் போனால் எப்படிச் சமாளிப்பது என்று முதலிலேயே யோசித்துச் செய்தார்கள்.

முதல் தடவை தோற்றதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கவனிங்க. இறங்குவதற்கு ஒதுக்கிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர். அவ்வளவு சின்ன இடத்தை எப்படியாவது பிடிக்கணும் என்று லேண்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனது, தரை பக்கத்தில் வந்த பிறகும். அடுத்த தடவை அந்த இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். எரிபொருள் கூடுதலாக ஏற்றினார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள். எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மின்சாரம் கிடைக்கிற மாதிரி சோலார் பேனல் அதிகம் வைத்தார்கள். இலக்கு மட்டும் மாறவில்லை. அதே நிலா, அதே தென் துருவப் பகுதி.

நம்மில் பலருடைய வேலை தேடல் சந்திரயான்-2 மாதிரியே இருக்கு. ஒரே ஒரு ரோல், ரெண்டு மூணு கம்பெனிப் பெயர், ஒரே ஊர். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்திலேயே வேகம் கூடி விழுகிறோம்.

இறங்குற இடத்தை விரிக்கிறது

இடத்தை விரிப்பது என்றால், கிடைத்ததில் ஏறிக்கொள்வது என்று அர்த்தம் இல்லை. உங்கள் படிப்புக்குப் பக்கத்தில் உள்ள வாசல்களை எல்லாம் ஒரு தடவை எண்ணிப் பார்ப்பது.

கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகள் பெரும்பாலும், ஒரே நாளில் நிறைய பேரை எடுக்கிற கம்பெனிகள். ரெண்டு பேர் மட்டும் தேவைப்படுகிற கம்பெனி பஸ் பிடித்து நம்ம காலேஜுக்கு வராது. கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் செய்கிறவர்கள், ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிறவர்கள், ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறவர்கள் என்று நிறைய பேர், தெரிந்தவர் சொல்லியும் நேரில் வந்த ரெஸ்யூமேயைப் பார்த்தும் ஆள் எடுக்கிறார்கள். மெக்கானிக்கல், இ.இ.இ. நண்பர்கள் "கோர்ல வேலையே இல்லடா" என்று சொல்வதற்கு முன்னால் இந்தப் பக்கம் ஒரு தடவை போய்ப் பார்க்கணும்.

அப்ரண்டிஸ் என்று ஒரு வழி இருக்கு, நம்மில் பாதிப் பேர் அதை ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் டிகிரி முடித்தவர்களுக்கும் ஒரு வருஷப் பயிற்சி உண்டு. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கு. நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் மாதிரி இடங்களில் கிராஜுவேட் அப்ரண்டிஸ் அறிவிப்பு வரும். 2019-ல் திருத்திய விதிப்படி டிகிரி முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று இருந்தது. அங்கேயே வேலை போட்டுத் தருவார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆனால் ஒரு வருஷம் கழித்து உங்கள் ரெஸ்யூமேயில் "ஃப்ரெஷர்" என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் எழுத ஏதாவது இருக்கும்.

கேட் ஸ்கோர் 3 வருஷம் செல்லும். அதை வைத்து எம்.டெக். மட்டும் இல்லை, சில பொதுத்துறை நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. டி.என்.பி.எஸ்.சி.யில் உதவிப் பொறியாளர் பதவிகளுக்குத் தொழில்நுட்பப் பணிகள் தேர்வு இருக்கு. இதெல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது. தேர்வுக்குப் படிக்க முடிவெடுத்தால் எத்தனை மாதம், எத்தனை தடவை என்று முன்னாடியே எழுதி வைங்க. எல்லை இல்லாமல் படித்துக்கொண்டே இருப்பதும் ஒரு விதமான ஒளிந்துகொள்ளல்தான்.

ஐ.டி. பக்கம் போகிறவர்களுக்கும் இதே கதைதான். டெவலப்பர் தவிர டெஸ்டிங், சப்போர்ட், டேட்டா வேலை, எம்பெடட் என்று பக்கத்து வாசல்கள் இருக்கு. உள்ளே போனபின் அறை மாறலாம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

ஒரு இன்டர்வியூவில் நீங்கள் தேர்வாக 10 சதவீதம்தான் வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு கணக்குக்காக எடுத்த எண்தான். மூணு இன்டர்வியூ போனால் குறைந்தது ஒன்றாவது கிடைக்க வாய்ப்பு 27 சதவீதம். ஏழு போனால் 52. இருபத்திரண்டு போனால் 90.

இதில் ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்று, மூணு இன்டர்வியூவில் ரிஜெக்ட் ஆகிவிட்டு "நான் எதுக்கும் லாயக்கு இல்லை" என்று முடிவு கட்டுகிறவர், கணக்குப்படி பார்த்தால் நூற்றுக்கு 73 பேருக்கு நடப்பது தனக்கு மட்டும் நடந்ததாக நினைத்து அழுகிறார்.

இரண்டு, இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு முயற்சியும் தனித்தனியாக இருக்கணும். அதே தப்பைத் தூக்கிக்கொண்டு இருபது இடத்துக்குப் போனால் அது இருபது முயற்சி ஆகாது. ஒரே முயற்சியின் இருபது ஜெராக்ஸ். மாறாக, ஒரு தப்பைச் சரிசெய்து அந்த 10 சதவீதத்தை 20 ஆக்கினால், அதே 90 சதவீதத்துக்கு 11 இன்டர்வியூ போதும். பாதி அலைச்சல் மிச்சம்.

அதனால் ஒரு நோட்டு போடுங்க. ஒவ்வொரு கம்பெனிக்கும் நாலு வரி. எந்த ரவுண்டில் வெளியே வந்தேன்? என்ன கேட்டாங்க? எதில் தடுமாறினேன்? அடுத்ததுக்கு முன்னாடி எதைச் சரிசெய்யப் போறேன்? ஆப்டிட்யூட்லேயே தொடர்ந்து வெளியே வந்தால் அது டைம் வைத்துக்கொண்டு ப்ராக்டிஸ் செய்யாத பிரச்சினை. டெக்னிக்கலில் என்றால் ரெஸ்யூமேயில் எழுதின ப்ராஜெக்ட்டை நீங்களே விளக்க முடிகிறதா என்று பாருங்க, அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். எச்.ஆர்.-ல் என்றால் வாயைத் திறந்து பேசிப் பழகணும், ஹாஸ்டல் ரூம்மேட்டிடமாவது.

நாலு வரியும் எழுதினபின், தப்பு எதுவும் தெரியவில்லை என்றால் அதையும் எழுதுங்க. "நல்லாத்தான் பண்ணேன், எடுக்கல." அப்படியும் நடக்கும். வரும்போது நாற்பது பேர் எடுப்பதாகச் சொன்ன கம்பெனி பன்னிரண்டோடு நிறுத்திவிடுவது நம்ம கையில் இல்லை. நம் தப்பு எது, சந்தையோட தப்பு எது என்று பிரிக்கத் தெரிந்தால்தான் மனசு தாங்கும். எல்லாவற்றையும் தன் மேல் போட்டுக்கொள்கிறவனும் உடைகிறான். எல்லாவற்றையும் ரெசெஷன் மேல் போடுகிறவனும் திருந்தாமல் நிற்கிறான்.

எரிபொருள்: பணமும் வீடும்

தன்னம்பிக்கைப் பேச்சுகளில் பணம் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஆனால் நம்மில் பலருக்கு நம்பிக்கை எவ்வளவு நாள் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது கையில் இருக்கிற காசுதான்.

எஜுகேஷன் லோன் எடுத்தவர்கள் முதலில் பேங்க் பேப்பரை எடுத்துப் படிங்க. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட அவகாசம் உண்டு. அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். 4 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 40,000, மாதத்துக்குச் சுமார் 3,300 ரூபாய். முடிந்தால் இந்த வட்டியை மட்டுமாவது கட்டிவந்தால் கடன் பெருக்காது. முடியவில்லை என்றால், தவணை தவறுவதற்கு முன்னாடியே பேங்க் மேனேஜரைப் பார்த்துப் பேசணும். தவறினபின் போய் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வீட்டிலும் பேசுங்க. "இன்னும் ரிசல்ட் வரல" என்று மூணு மாசம் சமாளிப்பது நமக்கே பாரம். அப்பாவிடம் "இது நாலாவது கம்பெனிப்பா, மூணாவது ரவுண்டு வரைக்கும் போனேன், அடுத்து இதைப் படிச்சிட்டிருக்கேன்" என்று சொன்னால் அவருக்கும் பதில் கிடைக்கிறது. அவரைக் கேட்கிற பக்கத்து வீட்டு மாமாவுக்கும் ஒரு பதில் கிடைக்கிறது. பெற்றோருக்குப் பயம் வருவது பிள்ளைக்கு வேலை இல்லை என்பதால் மட்டும் இல்லை, பிள்ளை என்ன செய்கிறது என்று தெரியாததால்தான்.

ஆஃபர் வாங்கினவங்களுக்கு

இப்போ உங்கள் விஷயம். ஆஃபர் லெட்டர் வேறு, ஜாய்னிங் டேட் வேறு. 2022-ல் பாஸ் அவுட் ஆகி, பெரிய ஐ.டி. கம்பெனியில் ஆஃபர் கையில் வைத்துக்கொண்டு ரெண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் பற்றி 2024-ல் செய்திகளில் படித்தோம். அதனால் ஜாய்ன் பண்ணுகிற நாள் வரை படிப்பதை நிறுத்தாதீங்க, தேடுவதையும் நிறுத்தாதீங்க. உள்ளே போனபின் டிரெய்னிங்கில் தேர்வு வைப்பார்கள், அதில் தேறாதவர்களை வெளியே அனுப்புகிற கம்பெனிகளும் உண்டு.

வேலைக்குப் போனபிறகும் அந்த நோட்டை மூடாதீங்க. இந்த மாசம் புதிதாக என்ன செய்தேன், யாரிடம் என்ன கத்துக்கிட்டேன் என்று எழுதி வந்தால், ரெண்டு வருஷம் கழித்து அடுத்த இடத்துக்குப் போகும்போது ரெஸ்யூமே தானாக எழுதிக்கொள்ளும். முதல் வேலை என்பது கல்யாணம் இல்லை. அதில் கிடைத்த இடமும் சம்பளமும் உங்கள் நாற்பது வருஷத்தையும் முடிவு செய்துவிடாது.

சோர்ந்தவனைத் தேடி வருகிறவர்கள்

நம்பிக்கை இழந்தவர்களை நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும் ஒரு கூட்டம் இருக்கு. "பேக்டோர் எண்ட்ரி, ஒன்றரை லட்சம் கொடு, மூணு மாசத்துல திருப்பி எடுத்துடலாம்" என்பார்கள். ஒரு விதி போதும்: வேலை கொடுக்க உங்களிடம் பணம் கேட்டால், அங்கே வேலை இல்லை. ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டால் காட்டுங்க, விட்டுவிட்டு வராதீங்க. பாண்ட் பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டில் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்க.

வெளிநாடு என்றால் இன்னும் கவனம். 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன நம்ம ஊர்ப் பிள்ளைகள் மியான்மரின் மியாவாடியில் சைபர் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். அவர்களும் நம்மை மாதிரி படித்தவர்கள்தான், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள்தான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குக் கூப்பிட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்க.

தனி ஆள் பிரச்சினை மட்டும் இல்லை

இதையெல்லாம் சொல்லிவிட்டு "எல்லாம் உன் கையில்தான் இருக்கு தம்பி" என்று முடித்தால், நானும் ஆடிட்டோரியத்தில் மைக் பிடித்தவர் மாதிரி ஆகிவிடுவேன். எல்லாம் நம்ம கையில் இல்லை. சிலது காலேஜ் கையில் இருக்கு.

கேட்டில் வைக்கிற பேனரில் அதிகபட்ச சம்பளம் பெரிய எழுத்தில் இருக்கும். அது ஒருத்தர் வாங்கினது. நடுவில் நிற்கிற மாணவர் எவ்வளவு வாங்கினார், எத்தனை பேருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதுதான் ஜூனியர்களுக்கு வேண்டிய தகவல். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கொடுக்கிற விவரங்களில் எத்தனை பேர் ப்ளேஸ் ஆனார்கள், அவர்களின் மீடியன் சம்பளம் என்ன என்பதெல்லாம் இருக்கும். அதில் கலந்துகொள்ளும் கல்லூரிகள் அதைத் தங்கள் இணையதளத்திலும் போட்டிருக்கும். ஜூனியர்களே, பேனரைப் பார்க்காதீங்க, அதைப் பாருங்க. உண்மையான எண் சின்னதாக இருந்தாலும், அதை வைத்துத் திட்டம் போடலாம். பெரிய பொய்யான எண்ணை வைத்து ஏமாறத்தான் முடியும்.

இன்னொன்று. கான்வகேஷன் முடிந்ததும் ப்ளேஸ்மென்ட் செல்லின் கதவு மூடிவிடுகிறது. வேலை கிடைக்காதவருக்கு உண்மையில் அதற்குப் பிறகுதான் செல் வேணும். பாஸ் அவுட் ஆனபின் ஒரு வருஷத்துக்காவது பூல் கேம்பஸ் தகவலும் மாக் இன்டர்வியூவும் பழைய மாணவர்களுக்குக் கொடுக்கணும். இது பெரிய செலவு இல்லை. ஒரு மெயில் லிஸ்ட், ஒரு சனிக்கிழமை மதியம், ரெண்டு சீனியர்கள், அவ்வளவுதான்.

நண்பர்கள் கையிலும் சிலது இருக்கு. ப்ளேஸ் ஆனவர் ப்ளேஸ் ஆகாதவரிடம் "ஃபீல் பண்ணாத மச்சி" என்று சொல்வது பத்தாது. உன்னிடம் என்ன கேள்வி கேட்டாங்க என்று உட்கார்ந்து சொல்லு. நீ போகிற கம்பெனியில் ரெஃபரல் வந்தால் முதலில் இவன் பெயரைக் கொடு. டீ குடிக்கப் போகும்போது கூப்பிடு, வேலை பற்றிப் பேசாமல் கூப்பிடு. லேண்டருக்கு எல்லாப் பக்கமும் சோலார் பேனல் வைத்தது மாதிரி, ஒருத்தனுக்கு வெளிச்சம் வருகிற பக்கங்கள் நிறைய இருக்கணும்.

சிலருக்கு இந்த இருட்டு அளவுக்கு மீறிப் போகும். தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், யாரிடமும் பேசாமல் நாட்கள் போனால் அது சோம்பேறித்தனம் இல்லை. டெலிமானஸ் எண் 14416, தமிழக அரசின் உதவி எண் 104. இலவசம், தமிழிலேயே பேசலாம். ரூம்மேட் அப்படி இருந்தால் நீங்களே போன் போட்டுக் கையில் கொடுங்க.

கடைசியாக ஒன்று. அந்த 90 சதவீதக் கணக்கில் நூற்றுக்குப் பத்துப் பேர் 22 தடவைக்குப் பிறகும் வெளியேதான் நிற்பார்கள். அவர்கள் எதுவும் தப்பு செய்யாமல் இருக்கலாம். அவர்களுக்கு 23-வது இன்டர்வியூ வரை தாக்குப்பிடிக்க எரிபொருளும் ஆட்களும் இருக்கணும், அவ்வளவுதான். அந்த ஆட்களில் ஒருத்தர் நீங்களாகவும் இருக்கலாம்.

இந்த வாரம் உங்கள் கிளாஸில் இன்னும் ப்ளேஸ் ஆகாத ஒருத்தர் பெயரை நினைத்துப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவரை எதிரே உட்கார வைத்து ஒரு மாக் இன்டர்வியூ எடுங்க. அந்த ஒருத்தர் நீங்களே என்றால், வெட்கப்படாமல் யாரையாவது எடுக்கச் சொல்லுங்க. நோட்டில் முதல் நாலு வரி அன்றைக்கே எழுதிவிடலாம்.